பழைய துணி என்று எழுதிய பொட்டலம்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவளை எல்லோரும் 'நாலுவிரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பொருளைப் பெட்டியில் வைத்தாலும் அதற்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடம் விட்டு, அதில் காகிதத்தைக் கசக்கித் திணிப்பாள். புது ஆட்கள் கட்டிய பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். மூன்று விரல்தான் போகிறது என்றால் பிரித்துக் கட்டச் சொல்வாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருடம் உடைத்த தட்டுகளில் கற்றுக்கொண்டது.

பதினோரு வருடமாக யார் யார் வீட்டுச் சாமான்களையோ கட்டியிருக்கிறாள். ஒரு பெட்டியைக்கூடப் போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்துப் பார்த்ததில்லை. வண்டியில் ஏற்றிவிடுவதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

பெட்டி கட்டுவதற்கென்றே வெளிநாட்டில் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், தபால் வழியில் வாங்கிய பட்டத்தை வைத்து விண்ணப்பித்தாள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அன்று பிடித்தது பயம். முப்பத்திரண்டு வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அவர்கள் பேசுகிற வேகம் புரியுமா? விமான நிலையத்தில் யாராவது தன் முகத்தைப் பார்த்து, "நீயா படிக்கப் போற?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்து நினைத்து, ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் இருந்தது அக்கா வீட்டில். அக்கா தையல்காரி. மாமா, அதாவது அக்கா புருஷன், அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர்.

"பொட்டி கட்ட ஒரு படிப்பா? அப்ப ஸ்டியரிங் புடிக்கிற எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கணும்."

"குடுத்தா அதையும் எங்கயாவது இடிச்சிட்டு வந்து நிப்பீங்க மாமா."

வாய் சிரிக்கும். பயம் மட்டும் போகாது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள். சாமான்களைப் பதினெட்டுப் பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண்ணும் பெயரும் எழுதி, அதே வரிசையில் ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டாள். பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கடிதம், அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, இரண்டு போர்வைகளால் மெத்தென்று சுற்றிப் பெட்டியின் நட்டநடுவில் வைத்தாள். கிளம்புகிற காலையில் கைப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்பது எண்ணம். மேலே ஒட்டிய சீட்டில் அவள் கை தானாக எழுதியது: '9. பழைய துணி.'

கம்பெனிப் பழக்கம் அது. நகைப் பெட்டியோ வெள்ளிச் சாமானோ இருந்தால் மேலே அதன் பெயரை எழுதக் கூடாது. பழைய துணி என்று எழுதினால் எந்தத் திருடனும் தொட மாட்டான்.

கிளம்புகிற நாள் காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தாள். எட்டுக்கு அடுத்தது பத்து. ஒன்பது இல்லை.

"அக்கா, என் பொட்டிய யாரு தொட்டது?"

அக்கா மிஷினிலிருந்து நிமிரவில்லை. "நான்தான். நேத்து மாமா எடை போட்டாரு, மூணு கிலோ கூட இருந்துச்சு. நீ இருந்தா ஒரு கர்ச்சீப்பக்கூட எடுக்க விட மாட்ட. அதான் நீ ஆபீஸ்ல கணக்கு முடிக்கப் போனப்ப அந்தப் பழைய துணிய உருவிட்டேன். வெளிநாட்டுக்குப் போறவ பழசையா கட்டிட்டுப் போவா?"

"எங்க அது?"

"மாமாதான் வண்டியில முட்டுக் குடுக்க ஆகும்னு…" அப்போதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "ஏய், என்னடி இருந்துச்சு அதுல?"

மூன்று மணிக்கு விமானம். நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அந்தக் கடிதமும் அந்தப் பொட்டலத்துக்குள்தான்.

மாமாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிச் சாமான் ஏற்றும்போது போன் டிரைவர் சீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளே அவள்தான். ஆபீஸுக்கு அடித்து, மாமா இன்று ஏற்றுகிற வீட்டின் விலாசத்தை வாங்கினாள்.

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம், "நான் கெட்டவ இல்லடி, எடைக்காகத்தான்டி" என்று அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால் வேன் நின்றது. மாமா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன நாலுவிரல், சொல்லிட்டுப் போக இங்கயே வந்துட்டியா?"

"மாமா, அந்தப் பழைய துணி மூட்டை எங்க?"

"உள்ள, பீரோவுக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவுல. மெத்துன்னு இருந்துச்சு."

"என் பாஸ்போர்ட் மாமா அது."

மாமா கயிற்றை விட்டுவிட்டார். முகம் வெளுத்தது. ஒரே தாவலில் உள்ளே ஏறி, மூட்டையின் நுனியைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க! கண்ணாடி சாஞ்சுரும்."

அவளே ஏறினாள். ஆள் உயரக் கண்ணாடி, யார் வீட்டுடையதோ. அவசரத்துக்கு அதை உடைத்துவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஏற்றியதை முதலில் இறக்கினாள். நாற்காலிகள், மெத்தை, புத்தகப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் எடுக்க முடிந்தது. மணி ஒன்பதைத் தாண்டியது.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இப்பத்தானே ஏத்துனீங்க? இறக்குறீங்களே, நான் வீடு மாத்துறதா வேணாமா?"

"மாத்துறீங்க சார், மாத்துறீங்க! ஒரு அரை மணி நேரம்," என்றார் மாமா.

கண்ணாடியை மாமாவும் இன்னொரு ஆளும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவள் மூட்டையை உருவினாள். போர்வை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. நடைபாதையில் உட்கார்ந்து ஒரு போர்வையைப் பிரித்தாள், இன்னொன்றைப் பிரித்தாள். ஃபைல் மடங்காமல் இருந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து தன் பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மாமா அக்காவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"அவ ஏன் பழைய துணின்னு எழுதினா? நான் என்ன ஜோசியக்காரியா?"

அக்கா கேட்டதில் தப்பில்லை.

விமான நிலையத்துக்கு மாமாவால் வர முடியவில்லை, இறக்கியதையெல்லாம் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்காதான் வாசல் வரை கூட வந்தாள். மெதுவாக நகர்ந்த வரிசையில் நின்றபோது அவளுக்கு மறுபடி அந்தப் பயம் வந்தது. யாரோ கேட்கப்போகிறார்கள். என்ன கேட்டாலும் உளறப்போகிறோம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். "பெட்டிய நீங்களேதான் கட்டுனீங்களா?"

"ஆமாங்க."

"உள்ள என்ன என்ன இருக்கு?"

அவள் பட்டியலை நீட்டினாள். அந்தப் பெண் புருவத்தைத் தூக்கியபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள். "இதுல பழைய துணின்னு ஒண்ணக் கோடு போட்டு அடிச்சிருக்கீங்களே?"

"அது என் கையில இருக்குங்க," என்று பாஸ்போர்ட்டைக் காட்டினாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட்டின் மறுமுனையைப் பிடித்து லேசாக இழுத்தாள். அது வரவில்லை.

"விடுங்கம்மா. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.