நாக்குக்கு அடியில் பத்துச் சொட்டு

தூக்கத்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள் என்பதை என் கணவர் கண்டுபிடித்தபோது, நான் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவருக்குக் கணினி வேலை, வீட்டிலிருந்தே. அவருடைய குழுவில் ஆளுக்கொரு குப்பி வைத்திருக்கிறார்களாம். சி.பி.டி. எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, ஆனால் போதை கிடையாது, பதற்றம் அடங்கும், தூக்கம் வரும். கஞ்சா என்று எழுதினால் வாங்குகிறவர்கள் கூசுவார்கள் என்றோ என்னவோ, லேபிளில் ஆயுர்வேதப் பெயரைப் போட்டிருந்தார்கள்: விஜயா. பக்கத்து வீட்டு அக்கா மாதிரி.

"ஏட்டி, பத்தே சொட்டு. நாக்குக்கு அடியில விட்டு ஒரு நிமிஷம் வச்சிருக்கணும். அம்புட்டுதான்."

"ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருக்கணுமா? அதுக்காகத்தான் வாங்கித் தாறீங்களா?"

சிரித்தார். என் தூக்கம் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பட்டான்செருவில் ஒரு மாத்திரை ஆலையில், தரச் சோதனைக் கூடத்தில், அடுத்தவர் செய்த சோதனையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு வலிப்பு மாத்திரை. தண்ணீரில் போட்டால் குறித்த நேரத்துக்குள் கரைய வேண்டும். ஆறு போட்டார்கள், ஒன்று கரையவில்லை. கல்லைப் போல அடியில் கிடந்தது. மேலாளர் வேறு ஆறு போடச் சொன்னார், அவை கரைந்தன. முதல் ஆறும் பதிவேட்டிலிருந்து காணாமல் போயின. தாள் என் மேசைக்கு வந்தது. கரையாத மாத்திரையைக் கண்ணால் பார்த்தவள் நான். கையெழுத்துப் போட்டேன். அந்தச் சரக்கு இன்னும் ஆலைக் கிடங்கில்தான் இருந்தது. ஏற்றுமதிக் காகிதம் வந்ததும் லாரி ஏறிவிடும்.

எண்ணெய் வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி எங்கள் கூகட்பள்ளித் தெருவைக் கிழித்துக்கொண்டிருக்க, கைபேசித் திரையில் ஒரு மருத்துவர் வந்தார். பின்னால் பிளாஸ்டிக் செடி. இந்தியில் கேட்டார், நான் இந்த ஊர் இந்தியில் பதில் சொன்னேன். பசி எப்படி, வயிறு எப்படி. பதற்றம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?

எந்தத் தராசில் நிறுத்துச் சொல்வது? ஒரு மில்லிகிராம் பிசகினால் தராசையே சந்தேகிக்கிற வேலையில் இருப்பவள் நான். என் நெஞ்சுக்குள் கிடப்பதைக் கத்தரிக்காய் மாதிரி எண்ணிச் சொல்லச் சொன்னார். ஏழு என்றேன். ஏழு அவருக்குப் பிடித்திருந்தது.

"வேலையில் ஏதாவது பிரச்சினை?"

"நஹி, டாக்டர்."

அவர் அதையும் நம்பினார். அழைப்பு முடிவதற்குள் சீட்டு வந்துவிட்டது. முன்பே எழுதி வைத்திருந்தார்கள் போல.

எனக்கு அந்தப் பதினைந்து நாள் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து, திரையை இழுத்துவிட்டு, பகலைத் துரத்திவிட்டுப் படுக்க வேண்டும். குப்பியில் ஒரு பெண் கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள், விற்கிறவர்கள்தான் சிரிப்பார்கள். பத்துச் சொட்டு. மழையில் நனைந்து மக்கிய வைக்கோலைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்த ருசி. அடுத்த வீட்டுக் குக்கர் கூவியது, மாடியில் யாரோ கட்டிலை இழுத்தார்கள், இஸ்திரி வண்டிக்காரர் யாரையோ தெலுங்கில் திட்டினார். நான் நாக்கைத் தூக்கிக்கொண்டு, உலக அமைதிக்காகக் காத்திருக்கும் தவளையைப் போல உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் வாய் உலர்ந்தது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரு கனம் வந்தது, உண்மைதான். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலைப் போல ஒரு நிம்மதி. கால் இருக்கிறது, ஆனால் நம்முடையதில்லை. நாலு மணி நேரம் தூங்கினேன். கண் திறந்ததும் அந்தத் தாள் நெஞ்சுக்குள் அதே இடத்தில் இருந்தது, மடிப்புக் கலையாமல்.

"பாத்தியா, வேல செய்யுது!" என்றார் கணவர். ஏதோ அவரே செடி நட்டுத் தண்ணீர் ஊற்றியது மாதிரி.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணி. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல், குப்பியின் பக்கவாட்டில் இருந்த கட்டம் கட்டமான குறியைக் கைபேசியில் பிடித்தேன். சோதனைச் சான்றிதழ் திறந்தது. பழக்கதோஷம், முந்தைய இரண்டு பேட்ச் சான்றிதழையும் தேடித் திறந்தேன். மூன்று பேட்ச், மூன்று வெவ்வேறு மாதம். எண்கள் மட்டும் ஒன்றே. தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம் வரை அச்சு மாறாமல் ஒன்றே. அப்படிச் செடியும் வளராது, கருவியும் சொல்லாது. ஒருவன் ஒருமுறை சோதித்திருக்கிறான், அல்லது ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

காதில் ஹெட்செட்டோடு எட்டிப் பார்த்தார் கணவர். "என்னத்துக்குச் சிரிக்க?"

காட்டினேன்.

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காட்டி ஒனக்குத் தூக்கம் வராதோ?"

"கீழ பாருங்க. சரிபார்த்தவர்னு ஒரு கையெழுத்து. புழு நெளிஞ்ச மாதிரி. வெக்கங்கெட்ட ஜென்மம். இத எப்படிக் கண்ண தொறந்து பாத்துட்டுப் போட்டிருப்பா?"

அவர் குனிந்து பார்த்தார். "யாரோ சம்பளக்காரி. போடுன்னு சொல்லியிருப்பான், போட்டிருப்பா. பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காறித் துப்பலாம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. பாவம் என்பது தலையில் தட்டி மூலையில் உட்கார வைப்பது. அப்படியே, படுக்கையில் காலை மடக்கி உட்கார்ந்தபடி, கரையாத மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரு மாசம் ஆச்சுல்லா? இப்பக் கெளப்பினா ஒனக்குத்தான் மொதல்ல ஆப்பு."

"ஏற்றுமதிக் காகிதம் வந்தாச்சு. வியாழக்கிழமை லாரி."

"இன்னிக்கு என்ன கெழம?"

"புதன்."

ஹெட்செட்டில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்: ஒரே ஒரு மீட்டிங், வந்துவிடுகிறேன். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். எந்தத் தேதி, எந்த பேட்ச், எத்தனை மாத்திரை, யார் சொன்னது, யார் கையெழுத்துப் போட்டது. அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. ஒரு மாதமாக மலையாகத் தெரிந்தது அரைப் பக்கம்தான்.

அன்று இரவு ஷிஃப்ட் முடிந்து மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. தர உறுதிப் பிரிவில் தாளைக் கொடுத்து, 'பெற்றோம்' என்ற முத்திரையைக் குத்தச் சொல்லி, நகலோடு மேலாளர் அறை வாசலில் நின்றேன். எட்டரைக்கு வந்தார். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த செகந்திராபாத் தமிழர். தமிழில் ஆரம்பித்து எதில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. நின்றபடியே படித்தார்.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப கைக்கு, எதுக்கு இதெல்லாம்? நக்கோ மேடம், வேணாம். கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. நல்லாத் தூங்குங்க. மூஞ்சியே சரியில்ல."

"தூங்கச் சொல்லி உங்களோட மூணு பேர் ஆச்சு சார். இது நகல். அசல் முத்திரையோட உள்ள போயிடுச்சு."

உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் ரொம்ப நேரம் துடைத்தார். "முதல் ஆறுல ஒண்ணுதானே கரையல," என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"அந்த ஒண்ண யாராவது முழுங்குவாங்க சார்."

இதற்கு வீரம் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து வந்தது வீரமில்லை. தாமதமான ரயில்கூடக் காரணம் சொல்லிக்கொண்டு வரும். எனக்கு அதுவும் இல்லை.

அசல் உள்ளே போனபின் சரக்கை நிறுத்துவதைத் தவிர அவருக்கு வழியில்லை; கிடங்குக்கு இருவருமே நடந்தோம். முதல் லாரி ஏற்கெனவே பின்பக்கமாக வந்து கதவைத் திறந்து நின்றது. அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும், ஒவ்வொன்றிலும் பச்சைச் சீட்டு: தேறியது. நிறுத்திவைக்கும் சரக்குக்கு மஞ்சள் சீட்டு. கிடங்குக்காரர் ஒரு சுருளைக் கொண்டுவந்து நீட்டி, யார் ஒட்டுவது என்று தெலுங்கில் கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார்.

முதல் சீட்டு கோணலாக விழுந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து, பச்சை முழுக்க மறைகிற மாதிரி நேராக ஒட்டினேன். இரண்டாவது பெட்டிக்குப் போனபோது, சுருளை மேலாளர் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்துத் தர ஆரம்பித்தார். லாரிக்காரர் வெளியே ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.