நாலு வருசம் தொழில்

போன வருஷம், சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை பகல், ஊர்காவற்றுறைத் துறையில் அனலைதீவு வள்ளத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிற்க முடியாமல் மேலும் கீழும் நடந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் கடலுக்குப் பயம் என்று நினைத்திருப்பார்கள். கடலும் கொஞ்சம் காரணம்தான். ஆனால் பெரிய காரணம் என் போனுக்குள் இருந்த ஒரு வட்ஸ்அப் செய்தி.

நான் சட்டம் படிக்கிறேன். அப்போது மூன்றாம் வருஷம். எங்கள் மாணவர் மன்றம் வருஷாவருஷம் ஒரு மலர் போடும். அதில் விரிவுரையாளர்களை அறிமுகப்படுத்தும் பகுதியை நானே கேட்டு வாங்கினேன். எழுத்தில் நான் பெரிய ஆள் என்ற நினைப்பு. ஏழு பேர், ஆளுக்கு அரைப் பக்கம். என்ன படித்தார்கள், எங்கெங்கே வேலை செய்தார்கள், எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, சுவாரசியமான வேலை. ஒப்பந்தச் சட்டம் எடுக்கும் மிஸ் முதலில் கணக்கு ரீச்சராம். காணிச் சட்டம் எடுக்கிறவர் பன்னிரண்டு வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டுத்தான் சட்டமே படிக்கத் தொடங்கினாராம். எல்லாரும் பந்தி பந்தியாக அனுப்பினார்கள். சாட்சியச் சட்டம் எடுக்கும் சேர் மட்டும் வட்ஸ்அப்பில் மூன்றே வரி அனுப்பினார்.

"எல்.எல்.பி. முடிச்சு நாலு வருசம் ஊரில தொழில். பிறகு சட்டக் கல்லூரிச் சோதினை, சத்தியப் பிரமாணம். பிறகு மேற்படிப்பு, விரிவுரை."

இதை வைத்து அரைப் பக்கம் நிரப்ப ஏலுமா? நான் நிரப்பினேன். "பட்டம் பெற்ற கையோடு தீவக மக்களுக்காக நான்கு ஆண்டுகள் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தவர்" என்று போட்டேன். வாசிக்க எடுப்பாக இருந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒருதரம் காட்டச் சொல்லியிருந்தார். நேரமில்லை என்று காட்டவில்லை.

மலர் வந்து மூன்று கிழமை கழித்து, அந்தச் சனிக்கிழமை காலையில், பீட அலுவலகத்து அக்கா போனில் அழைத்தார்.

"தம்பி, அந்த மலர் நீர்தானே போட்டனீர்? சேரைப் பற்றி மொட்டைக் கடிதம் ஒண்டு வந்திருக்கு. உம்மட பக்கத்தைக் கொப்பி எடுத்து, சிவப்பால கீறி அனுப்பியிருக்கினம்."

சேருக்குத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நேர்முகம். தற்காலிகமாக இருந்த பதவியை நிரந்தரமாக்கும் நேர்முகம். கடிதம் என்ன சொன்னது தெரியுமா? சட்டத்தரணிக்குரிய சத்தியப் பிரமாணம் எடுக்காமல் நாலு வருஷம் சட்டத்தரணியாக வேலை செய்திருந்தால் அது குற்றம். செய்யவில்லை என்றால் பொய்த் தகவல் கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆள் காலி. பிரமாணம் பற்றிய வரியும் அடுத்த வரியாக அதே பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் எழுதிய எனக்கு, அதுவும் சட்டம் படிக்கிற எனக்கு, அது கண்ணில் படவே இல்லை.

"அவற்ற போன் வேலை செய்யேல்ல. ஊருக்கு, அனலைதீவுக்குப் போயிட்டார். திங்கள் எட்டரைக்கு முதல் விளக்கம் எழுதித் தரவேணுமாம். நீர் சரவணைப் பக்கம்தானே, கிட்டத்தானே, ஒருக்காப் போய்ச் சொல்லிவிடும்."

கிட்டத்தானாம். நடுவில் கடல் இருப்பது அக்காவுக்கு ஞாபகமில்லை.

போனேன். ஆனால் அவரைக் காப்பாற்றப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைக் காப்பாற்றப் போனேன். சட்டத்தரணியாக வருவதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். ஒருவரைப் பற்றிப் பொய் எழுதினான் என்று என் கோப்பில் ஒரு கடிதம் ஏறினால் என் கதை அதோடு சரி. ஆனால் என்னிடம் அவருடைய செய்தி இருந்ததே. "சேர், நீங்கள்தானே தொழில் எண்டு எழுதினனீங்கள்" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். சட்டம் படித்தவர் தொழில் என்றால் வேறு என்ன? வள்ளத்தில் அலை ஏறி ஏறி அடித்தது. என் சேட்டு நனைந்தாலும் பரவாயில்லை என்று, போனைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். அதுதான் என் சாட்சி.

அனலைதீவில் இறங்கி விசாரித்ததும் கரையோரம் ஒரு கொட்டிலைக் காட்டினார்கள். அங்கே ஒரு பெண் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சேரின் அண்ணனுடைய மனைவி. நான் சேரைக் கேட்டேன்.

"லோயரோ? அவர் தொழிலுக்குப் போயிட்டார். இவரோடதான் விடிய வெளிக்கிட்டவர்."

சனிக்கிழமை. எந்த நீதிமன்றம் நடக்கிறது என்று யோசித்தேன். உண்மையாகவே அப்படித்தான் யோசித்தேன், இரண்டு மூன்று வினாடி. பிறகு அவர் கையிலிருந்த வலையைப் பார்த்தேன்.

"கடலுக்கோ அக்கா?"

"வேற எங்க? தொழில் எண்டா கடல்தானே. நீர் எவ்விடம்?"

"சரவணை."

"தீவுப் பிள்ளை, இது தெரியாதோ" என்று சிரித்தார்.

தெரியும். அதுதான் கேவலம். ஊர்காவற்றுறைச் சந்தியில் நூறு தடவை கேட்ட சொல். எங்கள் வீட்டில் எல்லாரும் கந்தோர் உத்தியோகம். கடற்கரைக்காரர் "தொழிலுக்குப் போறம்" என்றால் காதில் விழும், மனதில் ஏறாது. சட்டம் படித்த ஒருவர் அதே சொல்லை எழுதுவார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது.

கேட்காமலே மீதியையும் சொன்னார். "மாமா படுக்கையில விழுந்திட்டார். இவர் அப்ப வெளிநாட்டில. வீட்டில ரெண்டு குமர்ப் பிள்ளையள். ஆர் போறது? சேட்டிபிக்கட்டை அலுமாரிக்க வைச்சிட்டு லோயர் போனவர், நாலு வருசம். இப்பவும் லீவு நாளில இவரோட போகாம இருக்கமாட்டார்."

நெஞ்சோடு பிடித்து வந்த சாட்சி அப்படியே என் பக்கம் திரும்பிவிட்டது. அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. 'சட்டத்தரணியாக' என்ற ஒற்றைச் சொல்தான் பொய். அது என்னுடையது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். இரண்டு மணிக்குக் கரைக்கு வரவேண்டிய வள்ளம் மூன்றாகியும் வரவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது. அந்த அக்காவின் கை பாசியைப் பிடுங்கியது, கண் கடலை விடவில்லை. எனக்கு வந்த நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சேர் திரும்பி வராவிட்டால் இந்தக் கதையே முடிந்துவிடும் என்று ஒரு கணம் ஓடியது. உடனே எழும்பித் தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய் நின்றேன்.

நாலே காலுக்கு வந்தார்கள். இயந்திரம் இடையில் நின்றுவிட்டதாம். நான் ஏறவேண்டிய கடைசி வள்ளம் நாலரைக்கு. வகுப்பில் வெள்ளைச் சேட்டும் கறுத்தச் சப்பாத்துமாக நிற்பவர், சாரத்தை மடித்துக் கட்டியபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன். கையோடு கொண்டுபோன மலரை நீட்டினேன். ஈரக் கை படாமல் குனிந்து வாசித்தார்.

"இந்தச் சட்டத்தரணி எண்ட சொல் ஆர் போட்டது?"

"நான்தான் சேர்."

"ஏன்?"

"நல்லா இருக்குமெண்டு, சேர்."

"இல்லாட்டி நல்லா இருக்காதோ?"

அவர் கோபித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"ஒரு முழுச் சொல் தானா வந்து விழுந்ததெண்டோ? நல்ல அச்சகம்" என்றார். பிறகு, "என்ர போன் நேற்றுக் கடலுக்க விழுந்திட்டுது. நான் அனுப்பினது இனி உம்மட்ட மட்டும்தான் இருக்கு" என்றார்.

"நான் என்ன செய்ய சேர்?"

"அது உம்மட போன்" என்று சொல்லிவிட்டு, மீன் கூடையை இறக்கப் போய்விட்டார். துறையில் வள்ளக்காரர் கத்தினார். ஓடிப்போய் ஏறினேன்.

ஊர்காவற்றுறையில் இறங்கும்போதே மன்றத் தலைவன் போனில் அழைத்தான். என் நண்பன்தான், நடந்ததையெல்லாம் சொன்னேன். "மச்சான், அந்த மெசேஜை அழி. அவர் சொன்னதைத்தான் போட்டனாங்கள் எண்டு நிப்பம். அவரிட்டயும் இல்லையெண்டா ஆர் மறுக்கிறது? நீ குடுத்தா மன்றம் முழுக்க மாட்டும்."

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மூன்று வரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரண்டு தடவை விரல் அழிக்கும் இடம்வரை போனது. கடைசியில் அழிக்கவில்லை. அது நான் பெரிய யோக்கியன் என்பதால் அல்ல. திரும்பத் திரும்ப வந்து நின்றது அந்தக் கேள்விதான்: இல்லாவிட்டால் நல்லாக இருக்காதா? அவர் மறைக்காமல் எழுதிய நாலு வருஷத்தை நான்தான் சட்டத்தரணியின் கறுத்தக் கோட்டுப் போட்டு மூடிவிட்டேன்.

திங்கள் எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு முன் நின்றேன். சேரின் விளக்கத்தோடு வைக்கச் சொல்லிச் செய்தியின் பிரதியும் ஒரு கடிதமும் கொடுத்தேன். கடிதத்தில் ஒரே வரி: 'சட்டத்தரணியாக' என்ற சொல்லை அவரிடம் கேட்காமல் நானே சேர்த்தேன். அக்கா வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "இருந்து தண்ணி குடியும்" என்று ஒரு கதிரையை இழுத்துவிட்டார்.

சேருக்குப் பதவி கிடைத்தது, ஆனால் ஒன்றரை மாதம் இழுத்துத்தான் கிடைத்தது. அந்த ஒன்றரை மாதமும் அவர் வகுப்பில் நான் தலை நிமிரவில்லை. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அது இன்னும் கோப்பில் இருக்கிறது. நண்பன் ஒரு மாதம் கதைக்கவில்லை.

இந்த வருஷ மலருக்கு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, அச்சுக்கு முன் கொண்டுபோய்க் காட்டினேன். "பட்டம் பெற்றபின் அனலைதீவில் நான்கு ஆண்டுகள் கடற்றொழில்." பேனையை எடுத்து ஒரே ஒரு திருத்தம் செய்தார்: நான்கு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.

"சரியா எழுதும். நான் சாட்சியச் சட்டம் படிப்பிக்கிறவன்" என்றார்.

இப்போது பயிற்சிக்கு விண்ணப்பங்கள் நிரப்புகிறேன். 'தொழில்' என்ற கட்டம் வரும்போதெல்லாம் பேனை கொஞ்சம் நிற்கிறது, அந்தச் சொல்லுக்குள் யாருடைய நாலு வருஷமும் இரண்டு மாதமும் இருக்கிறதோ என்று.