இனம் என்று ஒரு கட்டம்

கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு வீடு கிடைப்பதற்குள் பெஞ்சமின் ஏறி இறங்கிய மாடிப்படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், திருக்கழுக்குன்றம் மலை அவன் காலடியில் கூழாங்கல்லாய்க் கிடந்திருக்கும். பதினேழு வீடு. பதினேழிலும் முதலில் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு பேர் கேட்டார்கள், பிறகு சொந்த ஊர் கேட்டார்கள். புதுப்பட்டினம் பக்கம் என்றால், "அங்க எந்தத் தெரு?" என்றார்கள். தெருவைச் சொன்ன மறுநிமிடம் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும், அல்லது வெளிநாட்டிலிருந்து மகன் வந்துகொண்டிருப்பான். கல்யாணமே ஆகாத ஓர் அம்மாளுக்குக்கூட அந்த ஒரு நிமிடத்தில் கனடாவில் மகன் முளைத்தான்.

பதினெட்டாவது வீட்டில் பெஞ்சமின் பொய் சொன்னான்.

சொல்வதென்று ஆனபின் அதில் என்ன கஞ்சத்தனம்? பூர்வீகம் தெற்கே என்றான். தாத்தாவுக்கு உப்பு வியாபாரம், சொந்தக் கப்பல். அறுபத்து நாலாம் வருஷப் புயலில் கப்பல் மூட்டையோடு கவிழ்ந்தது, அன்றிலிருந்துதான் அந்தப் பக்கக் கடல் கூடுதலாகக் கரிக்கிறது என்றான். வீட்டுக்கார வரலட்சுமி அம்மாள் வாய் மூடாமல் கேட்டாள். "பெரிய குடும்பம்னு மூஞ்சியிலயே தெரியுதே" என்று சாவியைக் கொடுத்தாள்.

மூஞ்சியில் தெரிந்தது பசி. அவனுடைய அப்பா தேவசகாயம் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் அண்டை வெட்டியவர். அம்மா செங்கம்மாள் இன்றைக்கும் புதுப்பட்டினத்திலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகிறாள். பதினாலு மாதமாக அவளை மகன் தன் வீட்டுக்கு அழைக்கவில்லை. அவள் வாயைத் திறந்தால் கப்பல் இன்னொரு தரம் கவிழும்.

வீடு போனால் மகளின் பள்ளிக்கூடம் போகும். இரண்டு தெரு தாண்டினால் பள்ளி, அதற்காகத்தான் இத்தனையும். பெஞ்சமினின் மனைவி ஜாக்குலின், தாத்தாவின் பேரையும் கப்பலின் பேரையும் துண்டுத் தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தாள்.

"கப்பலு எந்த வருசம்யா முழுகுச்சு? அந்தம்மா திடுதிப்புனு கேக்குது."

"அறுபத்தி நாலு. நேத்து நீ அறுபத்தாறுன்னு சொல்லிட்டியா?"

"இருமிகினே உள்ள வந்துட்டேன்."

அவனுக்கு வேலை செங்கல்பட்டில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். வருகிறவர்களுக்குச் சான்றிதழ் மனு நிரப்பித் தருவான். பெயர், தகப்பனார் பெயர், இனம், முகவரி. பதினோரு வருஷம், நாளுக்கு அறுபது மனு. தூக்கத்தில் பேனாவைக் கொடுத்தாலும் அவன் கை நிரப்பிவிடும். வரலட்சுமி அம்மாளிடம் 'கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலை' என்று சொல்லியிருந்தான். அவன் அவளிடம் சொன்ன ஒரே உண்மை, அந்தப் 'பக்கம்'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மோட்டார் போடச் சொல்ல, வீட்டுக்காரர்கள் குடியிருந்த மாடிக்குப் போனான். வரலட்சுமி அம்மாளின் மகன் கார்த்தியும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோட்டையின் வரைபடமும், இருபது முகம் கொண்ட பகடையும்.

"அண்ணே, சரியான நேரத்துல வந்தீங்க. ஒரு ஆள் குறையுது. முதல்ல இதை நிரப்புங்க" என்று ஒரு தாளை நீட்டினான் கார்த்தி. போன் அடித்தது, எழுந்து பால்கனிக்குப் போனான்.

ஆங்கிலத்தில் இருந்ததைக் கார்த்தியே உட்கார்ந்து தமிழில் பெயர்த்து ஜெராக்ஸ் எடுத்த தாள் அது. பெயர், இனம், தொழில், திறமை. ஏதோ சங்கத்தில் சேர்க்கிறார்கள்போல என்று நினைத்தான் பெஞ்சமின். அரை நிமிடம்தான். முத்து முத்தான எழுத்தில் நாலு கட்டமும் நிரம்பின. கீழே கையெழுத்தும் போட்டான். திரும்பிவந்த கார்த்தி அதைப் பார்க்காமலே மற்ற தாள்களுக்கு அடியில் செருகினான்.

"சீட்டாட்டமா தம்பி? எனக்கு வராது."

"சீட்டு இல்லண்ணே, கதை. நான் சொல்லிட்டே போவேன். அதுக்குள்ள நீங்க ஒரு ஆளா இருப்பீங்க. உங்க ஆள் என்ன செய்வான், என்ன பேசுவான்னு நீங்க சொல்லணும். அது பலிக்குதா இல்லையான்னு பகடை சொல்லும்."

"நான் குள்ளன் இனம்ணே. சுத்தியல் வீரன்" என்றான் பக்கத்தில் இருந்த முபஷ்ஷிர். "இந்தப் பாரதி நகர்ல இருக்கற வரைக்கும்தான் ஆறடி, கதைக்குள்ள மூணடி."

பெஞ்சமின் அடியில் செருகிய தாளைப் பார்த்தான். இனம் என்றால் குள்ளன், அரக்கன். தான் எழுதியது என்ன?

"தம்பி, அந்தத் தாளக் குடு. ஒரு திருத்தம்."

"அப்புறம் பாத்துக்கலாம்ணே. கோட்டை வாசலுக்கு வந்தாச்சு. காவல் பூதம் வழிய மறிக்குது. 'யாருடா நீ? எந்த ஊரு? உள்ள விடமாட்டேன்'ங்குது. உங்க ஆள் என்ன செய்வான்?"

மற்ற மூவரும் வாளையும் சுத்தியலையும் எடுத்தார்கள், தோற்றார்கள். பெஞ்சமின் வாயை எடுத்தான். "யாரப் பாத்து யாருன்ற? எங்க தாத்தா கப்பல்ல வந்த உப்பத் தின்னுதான் உனக்கு இம்மா ஒடம்பு. அந்தக் கப்பலு முழுகினன்னிக்கு ஒங்க பாட்டன் கரையில நின்னு அழுதான். நீ இன்னான்னா பேரன வாசல்ல நிக்க வெச்சுகினு கீற!" பகடை உருண்டது. இருபது. பூதம் கேவிக் கேவி அழுதுகொண்டே கதவைத் திறந்தது. மேசையே எழுந்து நின்று கைதட்டியது.

வாழ்நாளில் முதல்முறையாக அவன் சொன்ன பொய்க்குக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவன் ராஜாவிடம் விருந்து தின்றான், மந்திரியிடம் வழக்காடினான், கோட்டைக்குள் ஒரு வீடே கேட்டு வாங்கினான். அடியில் கிடந்த தாள் அவனுக்கு மறந்தே போய்விட்டது.

வரலட்சுமி அம்மாள் ஐந்து தட்டில் பஜ்ஜியோடு வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு அண்ணன்தான் ஹீரோ!" கார்த்தி அந்தத் தாளை உருவினான். "யாரு இந்த மாவீரன்னு பாப்போம். பெயர், பெஞ்சமின். அட, சொந்தப் பேரேவா! இனம்... கிறித்துவ ஆதி திராவிடர்."

விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, இது சூனியக்காரன், குள்ளன்னு எழுதற இடம்ணே!" எல்லோரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவன் முபஷ்ஷிர். கார்த்தியின் சிரிப்பு அவன் அம்மாவைப் பார்த்தபின் நின்றது.

அவளுக்கு அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் புரியவில்லை. அந்த ஒரு வரி புரிந்தது. நாலு தட்டை மேசையில் வைத்தாள். "சட்னி மறந்துட்டேன்" என்று ஐந்தாவது தட்டோடு சமையலறைக்குத் திரும்பினாள். சட்னி வரவில்லை.

புதன்கிழமை வந்தாள். வாசல்படியைத் தாண்டாமல் நின்று, "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கோ" என்றாள். பதினாலு மாதமாக 'பாத்துக்கோங்க' என்று பேசிய வாய்.

"அம்மாகிட்ட நான் பேசறேண்ணே" என்றான் கார்த்தி. பேசினான். மேலே ஒரு சாயங்காலம் முழுக்கச் சத்தம் கேட்டது. மறுநாளிலிருந்து கேட்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"கை தானா எழுதிடுச்சு" என்றான் பெஞ்சமின், மனைவியிடம்.

ஜாக்குலின் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "பதினாலு மாசம் வேசம் கலையாம ஆடிகினு இருந்தேன்யா நானு. ஒங்கம்மாவ ஒரு வேள சோத்துக்குக் கூப்புடல. நீ ஒரே ஒரு மத்தியானம் போயி ஆடத் தெரியாம கெடுத்துட்டு வந்து நிக்கிற."

மகள் பரீட்சை முடியும்வரை புதுப்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருவது என்று முடிவாயிற்று. பத்தொன்பதாவது வீட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சாமானைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிய அன்று கார்த்தி இறங்கி வந்தான். கட்டில் காலைப் பிடித்து ஒரு கை கொடுத்தான். போகாமல் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உங்க ஆள் கோட்டைக்குள்ள இருக்காரு. அவர் இல்லாம கதை நகர மாட்டேங்குது. முபஷ்ஷிரோட தம்பி அவரை எடுத்து ஆடட்டுமா?"

பெஞ்சமின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"ஆடட்டும். அந்த எனத்த மட்டும் அடிச்சுட்டு வேற எழுதிக்கச் சொல்லு."

"அதை அன்னிக்கே மாத்திட்டோம்ணே" என்றான் கார்த்தி, அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. "மனிதன்னு போட்டுட்டோம்."

வண்டிக்குள்ளிருந்து ஜாக்குலின் தலையை நீட்டினாள். "இன்னாவாம் அந்தப் புள்ளைக்கு?"

"ஒண்ணுமில்ல. வண்டிய எடுக்கச் சொல்லு."