மீன் பெட்டி ஐஸில் பூத்த சுருட்டை

திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் பார்ஸ்லி என்ற வெளிநாட்டுக் கீரைச் செடி ஒன்றே ஒன்று வளர்த்தேன். விதை முளைக்க இருபத்து மூன்று நாள் ஆனது. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. சுருள் சுருளான இலை. அழகுக்காகவே தொட்டியில் வைக்கலாம். முதல் ஆண்டு இலை மட்டும்தான், பூ இரண்டாம் ஆண்டில். அதோடு செடியின் ஆயுள் முடிந்துவிடும். அந்தப் பூவைப் பார்த்தே தீர்வது என்றிருந்தேன்.

கீழ் வீட்டில் குடியிருக்கும் மீன்கார அக்கா முதல் கொத்தைக் கிள்ளிப்போய் இறால் தொக்கில் போட்டுவிட்டு மேலே வந்தார்.

"இன்னா நைனா, உன் கொத்தமல்லி சுருட்டை முடி வெச்சினு கீது, வாசனையே காணோம்!"

அது கொத்தமல்லி இல்லை என்று ஓராண்டாகச் சொன்னேன். அவர் அதற்கு 'சுருட்டை' என்று பெயர் வைத்ததுதான் மிச்சம்.

இரண்டாம் ஆண்டு மார்கழியில் எனக்குக் கலக்கம் பிடித்தது. சில வாரம் நல்ல குளிர் பட்டால்தான் பூக்குமாம். நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? இப்போது தவறினால் பங்குனி வெயிலில் செடி கருகிவிடும்.

"குளுருதானே வேணும்? இந்தா!" அக்கா, வியாபாரம் முடிந்து பெட்டியில் மிஞ்சிய ஐஸைத் தொட்டியைச் சுற்றிக் கொட்டினார். தினமும் அதே வேலை, நாற்பத்தொரு நாள். மீன் வாசனைக்கு ஐந்து பூனைகள் கூடின. நான் கம்போடு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க காவல் காக்கறது செடிக்கா, கருவாட்டுக்கா?" என்றாள் மனைவி.

மாசியில் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பியது. ஸ்கேல் வைத்து அளந்தேன்: பன்னிரண்டு சென்டிமீட்டர். ஓடிப்போய் அக்காவை அழைத்து வந்தேன்.

"அய்யய்யோ, முத்திப்பூடுச்சே!" கொத்தமல்லியைப் பிடுங்கிய பழக்கத்தில் தண்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்கக்கா!" நான் போட்ட கூச்சலில் ஐந்து பூனைகளும் சுவர் தாண்டின.

பங்குனி பிறப்பதற்குள் மொட்டு விரிந்தது. குண்டூசித் தலையளவு, பச்சை கலந்த மஞ்சள். அக்கா குனிந்து பார்த்தார்.

"இத்துனூண்டு பூவுக்கா என் ஐஸு?" என்றவர், கைப்பிடிச் சுவரில் எக்கித் தெருவைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க, நம்ம சுருட்டை பெரிய மனுஷி ஆயிட்டா! நைனா வூட்ல புட்டு!"

மனைவி சிரித்துக்கொண்டே புட்டு அவிக்கப் பரணிலிருந்து இட்லிப் பானையை இறக்கினாள். என் நோட்டில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: பூ வந்தது. புட்டு ஐந்து ஈடு. போதவில்லை.