இடப்பக்கத்தில் மலை

அப்பா இறந்து பதினாறு நாள் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஆதிமூலம் கடைசிக் காலத்தில் பக்திமானாகி, பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனார். அது தவறு. அவருடைய ஒரே மகள் நான். திருத்த வேண்டியதும் நான்தான்.

அப்பா திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் அட்டெண்டர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஃபார்மலின் புட்டிகளைத் துடைத்தபடி வகுப்புகளைக் கேட்டுக் கேட்டு, உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தவை என்ற முடிவுக்கு வந்திருந்தார். அம்மா உண்ணாமலைக்கு எல்லாமே அண்ணாமலையார் படைத்தது.

1974இல் கல்லூரியில் கழித்துப் போட்ட படம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மீன், கோழி, பன்றி, மனிதன். நான்கின் கருவும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி.

"பாத்தியா? எல்லாம் ஒரே வம்சம்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஒரே கை செஞ்சா ஒரே மாதிரிதாங்க இருக்கும். நான் சுடற அதிரசம் வேற வேற மாதிரியா இருக்குது?"

அப்பாவுக்குப் பதில் வரவில்லை. பத்து வருடம் வரவில்லை.

பௌர்ணமி தோறும் பிற்பகலில் அம்மா மலை சுற்றக் கிளம்புவார். மலையை வலப்பக்கம் விட்டு நடப்பதுதான் முறை. அப்பா பிறகு கிளம்பி எதிர்த்திசையில் போவார். மலைக்குப் பின்புறம், அடி அண்ணாமலையில் சந்திப்பார்கள். அப்பா பிளாஸ்கில் டீ கொண்டுபோயிருப்பார். குடித்துவிட்டு, அப்பா வந்த வழியிலேயே இருவரும் வீடு திரும்புவார்கள்.

"இப்ப மலை உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று அம்மா சீண்டுவார்.

"வீட்டுக்கு வழி இதான்."

கார்த்திகை தீபம் பார்க்கையில் அம்மாவுக்குக் கை ரோமம் சிலிர்க்கும். "பாருங்க, சாமி தொட்டுட்டுப் போவுது" என்று கையை நீட்டுவார். 1984 தீபத்துக்குப் பிறகு ஒரு வகுப்பில் சொன்னது அப்பா காதில் விழுந்தது: உடலெல்லாம் ரோமம் இருந்த முன்னோர்களின் மிச்சம் இந்தச் சிலிர்ப்பு. ரோமத்தை நிமிர்த்தினால் குளிர் தாங்கும். ரோமம் போய்விட்டது, சிலிர்ப்பு மட்டும் தங்கிவிட்டது. ஒரே கை யோசித்துச் செய்திருந்தால், உதவாததை ஏன் வைக்கும்?

அம்மாவுக்குச் சொல்ல அப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் சொல்வதாக இருந்தார். அதற்குள் அம்மா படுத்துவிட்டார்.

"இப்பவே சொல்லிடுங்களேன்" என்றேன்.

"படுத்துக் கெடக்கறவகிட்டயா ஜெயிக்கறது? எழுந்து வரட்டும்."

அம்மா எழவில்லை.

அதன் பிறகும் அப்பா பௌர்ணமிக்குப் போனார், அதே எதிர்த்திசையில், பிளாஸ்கோடு. அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிற்பார். திரும்பாமல் மேற்கொண்டு நடப்பார். அப்படியே முழுச் சுற்றும் முடிந்துவிடும். ஒருமுறை நானும் கூடப் போனேன். பூ விற்கும் சந்திரம்மாள் அவரை நிறுத்தினாள்.

"பெரியவரே, எடப்பக்கமா சுத்தக்கூடாது. பாவம்."

"சுத்தலம்மா. எதிர்ல ஒருத்தங்க வரணும்."

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நீங்க கண்டுபிடிச்ச பதில் சரிதாம்ப்பா."

"நீ இன்ஜினியரு. ஒத்துக்குவ." பிளாஸ்கைக் கவிழ்த்துக் கழுவினார். "அவ என்ன சொல்லியிருப்பான்னு நடக்கும்போதெல்லாம் யோசிக்கறேன். எதாவது சொல்லியிருப்பா. எனக்குத்தான் வரமாட்டேங்குது."