புரட்டாசியில் வந்த ரீல்

சித்தப்பாவின் தூண்டில் ரீல் புரட்டாசி முதல் வாரத்தில் வந்து சேர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எங்கள் வீட்டில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் வந்திருந்தால் அது நேராக ஆற்றுக்குப் போயிருக்கும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு பெருமாள் மாசத்தில் தூண்டிலோடு தெருவில் நடப்பதாவது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதைக் கொண்டுவந்தவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பாவின் சிநேகிதர். கடையில் இருந்ததிலேயே மலிவானது அதுதான் என்று அவரே சொன்னார். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. வேலை பார்த்த பட்டறை மூடியபிறகு எங்களோடு இருந்தார். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் அவருக்கு ஒரு வேலைக்கு அப்பா சொல்லிவைத்திருந்தார். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. போக மனமில்லை என்று சித்தப்பா வாய்விட்டுச் சொன்னதில்லை. கொள்ளிடத்தில் விரால் பிடித்து விற்றே பிழைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் அடிக்கடி சொல்வார்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, "சரிடா, அந்த மெஷினை வச்சு ஒரே ஒரு விரால் பிடிச்சுக் காட்டு. அப்புறம் நான் சிங்கப்பூர் பேச்சையே எடுக்கல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். சித்தப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். வாய் திறக்காத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்த என்னிடம், பதில் எதிர்பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பவர் அவர் ஒருவர்தான்.

ஆற்றுக்குப் போக முடியாததால் சித்தப்பா மொட்டை மாடியில் பழகினார். கொக்கி பக்கத்து மாடிச் சேலைகளில் மாட்டிவிடும் என்று நூல் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிக்கொண்டார். அந்த ரீலில் ஒரு சிறு உருளை உண்டு. வீசும்போது அது சுழன்று நூலை விடும். கட்டைவிரலை அதன்மேல் மெல்ல வைத்திருக்க வேண்டும். விரல் தவறினால் நூல் போகும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றி, எல்லாம் ஒரே சிக்கலாகிவிடும். முதல் வாரம் முழுக்கச் சிக்கல்தான். பிறகு உருளையை இறுக்கும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்து, விரலும் பழகி, மாடியின் மறுகோடியில் வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் நட்டை விழவைக்க ஆரம்பித்தார். அது டொக்கென்று விழும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த மாமி, "இன்னிக்கு வாளில என்ன மீன் மாட்டித்து?" என்று கேட்டாள்.

"உங்காத்துல ஆகாதே மாமி, அதான் சொல்லல" என்றார் சித்தப்பா.

ஐப்பசி பிறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, சித்தப்பா, நான் மூவரும் கொள்ளிடத்துக்குப் போனோம். நாணலுக்குள் தண்ணீர் தேங்கிய மடு ஒன்றை சித்தப்பா முன்பே பார்த்துவைத்திருந்தார். நட்டை அவிழ்த்துவிட்டு, ரீலோடு வந்த ரப்பர் தவளையைக் கட்டினார். அதில் கொக்கி மறைந்திருந்தது. நாணலோரம் ஒரு விரால் மேலே வந்து மூச்சு வாங்கிப் போனது. அப்பாவும் பார்த்தார்.

சித்தப்பா மாடியில் வீசிய மாதிரியேதான் வீசினார். ஆனால் இரும்பு நட்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். ரப்பர் தவளை எதிர்க்காற்றில் தயங்கியது. உருளைக்கு அது தெரியவில்லை. நட்டுக்குப் பழகிய விரலுக்கும் தெரியவில்லை. தவளை நாலு அடி தள்ளிச் சேற்றில் விழுந்தது. ரீல் நிறைய நூல் குருவிக்கூடுபோல் பொங்கி நின்றது.

"அறுத்துடலாம்ணே. பிளேடு இருக்கு" என்றார் சித்தப்பா.

"என்ன அவசரம்? இரு."

அப்பா மணலில் உட்கார்ந்தார். என் கவுனில் குத்தியிருந்த ஊக்கை வாங்கி, ஒவ்வொரு சுற்றாக எடுக்கத் தொடங்கினார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டார். வெயில் சாய்ந்தது. ஆடு ஓட்டிவந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பசித்தது. பார்சலில் வரும் சணலைக்கூட எறியாமல் சுருட்டிவைக்கிற அப்பா, இந்த நூலையும் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசி முடிச்சும் அவிழ்ந்தபிறகு, அப்பா நூலை நிதானமாகச் சுற்றி ரீலை நீட்டினார்.

"இன்னொரு தடவை போடு. இங்க யாரு எண்ணிக்கிட்டிருக்கா?"

சித்தப்பா வாங்கிக்கொண்டார். கட்டைவிரலை உருளையில் வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தவளையின் கொக்கியை எடுத்துத் தூண்டில் கம்பின் வளையத்தில் மாட்டினார்.

"வேணாம்ணே. டிக்கெட் போடச் சொல்லிடுங்க."

காற்று நின்றுவிட்டது, இப்போது போட்டால் சரியாகப் போகும் என்று அப்பா ஏதோ சொல்லிப் பார்த்தார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும்போது தூண்டிலை அப்பாதான் தூக்கிவந்தார்.

அம்மா மீனுக்கு மசாலா அரைத்துவைத்திருந்தாள். அப்பா ஒரு நூலுக்காகப் பொழுதையே வீணாக்கிவிட்டார் என்றும், சித்தப்பா இரண்டாம் தடவை வீசவே இல்லை என்றும் நான் அவளிடம் புகார் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். அம்மா மசாலாவைக் கிண்ணத்தில் வழித்து மூடிவைத்தாள். வழக்கமாக அப்பாவுக்குப் பரிமாறிய பிறகுதான் மற்றவர்களுக்கு. அன்றைக்கு முதலில் சித்தப்பாவின் தட்டில்தான் சோறு போட்டாள். அம்மா மறந்துபோய் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, அப்பா கோபப்படுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.