என் வெள்ளையும் தங்கச்சியின் செவலையும்

என் தங்கச்சியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வது விளங்கும், நான் பார்த்துப் பார்த்துச் செய்வது ஊற்றிக்கொள்ளும். மாப்பிள்ளை, வீடு எல்லாம் போகட்டும், நாயிலுமா அவள் ஜெயிக்க வேண்டும்? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் இருப்பது இராஜபாளையத்தில். ஸ்பின்னிங் மில்லில் வேலை. அவளைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரே தாய் போட்ட இரண்டு பெட்டைக் குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்து வளர்த்தோம். இரண்டும் பால் வெள்ளை, மூக்கு ரோஸ். எங்கள் ஊர் நாய் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். எங்காவது ஒரு பொட்டு நிறம் தெரிந்தாலும் கலப்பு என்று தெருவே உதட்டைப் பிதுக்கும்.

அதனால் என் நாய்க்கு ஜோடி தேடிப் படாதபாடு பட்டேன். கடைசியில் அதன் தாய்வழியிலேயே வந்த, அப்பழுக்கில்லாத வெள்ளைக் கடுவன் ஒன்று கிடைத்தது. சொந்தத்துக்குள் கட்டினால் சொத்து வெளியே போகாது என்பார்களே, அதுபோல நிறமும் போகாது என்பது என் கணக்கு. குட்டிகள் எல்லாம் வெள்ளையாகவே பிறந்தன. தங்கச்சிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் அசந்த நேரத்தில், பக்கத்துத் தோப்பில் காவலுக்கு நின்ற செந்நிறக் கோம்பை நாய் வேலையை முடித்துவிட்டது. பிறந்ததெல்லாம் செவலை. நெஞ்சிலும் பாதத்திலும் மட்டும் கொஞ்சம் வெள்ளை. துக்கம் விசாரிப்பதுபோல போனில் விசாரித்துவிட்டு, போனை வைத்த பிறகு நன்றாகச் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் அப்பா ஒரு குட்டி வேண்டும் என்றார். அப்பாவும் மில்லில் இருந்தவர்தான். அந்த இரைச்சலிலேயே காலத்தைக் கழித்ததில் காது போய்விட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி பிடிபடும், அவ்வளவுதான். அம்மா போன பிறகு தேவதானத்தில் தென்னந்தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். மலையடிவாரம், பன்றி இறங்கும், வேலி தாண்டி ஆளும் வரும். எங்களோடு வந்து இரு என்றால் கேட்கிற மனிதரில்லை. தன் காதுக்குப் பதில் ஒரு நாய் போதும் என்றார். நானும் கொண்டுவருகிறேன் என்றேன், அவளும் கொண்டுவருகிறேன் என்றாள்.

என் குட்டிதான் அங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அப்பா சோறு வைக்கும்போதெல்லாம் என் நினைப்பு வரும் அல்லவா? அதுவும் லேசுப்பட்ட குட்டி இல்லை. கையை உயர்த்தினால் எங்கே நின்றாலும் பறந்துவந்து காலடியில் உட்காரும். இருப்பதிலேயே சுத்தமான ரத்தம், அதனால்தான் இந்த அறிவு என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். காது கேட்கிறதா என்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி தட்டைத் தரையில் போட்டும் பார்த்திருந்தேன். டக்கென்று திரும்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குட்டிகளோடு தோப்புக்குப் போனோம். அப்பா என் வெள்ளையைத்தான் முதலில் தூக்கினார். தங்கச்சியை ஓரக்கண்ணால் பார்த்தேன். செத்த நேரம்தான் அந்தச் சந்தோஷம். பின்வேலிப் பக்கம் தேங்காய் வெட்டுகிற ஆள் வந்து குரல் கொடுத்தார். செவலை விறைத்து எழுந்து அந்தப் பக்கம் பார்த்துக் குரைத்தது. என் வெள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அப்பா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏட்டி பெரியவளே, கையப் பின்னால கட்டிக்கிட்டு அதக் கூப்பிடு."

அது அந்தப் பக்கம் திரும்பிப் புல்லை மோந்துகொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டேன். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். காது மடல்கூட அசையவில்லை.

மில்லில் மெஷின் ஓடும்போது வாய்ப்பேச்சு எடுபடாது. வா, போ, நூல் அறுந்துவிட்டது, எல்லாம் கைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, சாப்பிட உட்கார்ந்தால் உப்பைக்கூடக் கையால்தான் கேட்பேன். குட்டியையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அதற்குக் காது கேட்காது என்பது இத்தனை மாதமும் எனக்குத் தெரியவில்லை. தட்டு விழுந்ததும் தரை அதிர்ந்துதான் திரும்பியிருக்கிறது.

"இதுக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. ரெண்டு செவிடும் சேந்து எம்புட்டுத் தோப்பக் காக்க?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. தங்கச்சி குனிந்துகொண்டாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் கால்நடை டாக்டரிடம் சண்டைக்குப் போவதுபோலப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நிறம் கொடுக்கிற செல்லுக்குக் காதுக்குள்ளும் வேலை உண்டாம். முழு வெள்ளையில் சிலதுக்கு அது உள்காதுவரை போய்ச் சேராது, பிறந்த கொஞ்ச நாளில் காது செத்துவிடும். எல்லா வெள்ளைக்கும் அப்படி ஆகாது. ஆனால் சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கச் சேர்க்க ஒரே குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து விழும். வெளிரத்தம் கலந்தால் அது அமுங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து, தங்கச்சி வீட்டுச் செவலைகளைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"செவலைக்குள்ள வெள்ளை மறைஞ்சுதாம்மா இருக்கும். அதுல ரெண்டச் சேத்தா, ஒண்ணு ரெண்டு வெள்ளையாவே வரும்."

அப்படியென்றால் கேட்கிற காதும் அவளுக்கு, நான் பொத்திப் பொத்தி வைத்த வெள்ளையும் அவள் வீட்டில்தானா? வீடு வரும்வரை எனக்கு வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுதக்கூடியது அல்ல.

பிறகு ஒருநாள் வெள்ளையையும் கூட்டிக்கொண்டு தேவதானம் போனேன். அப்பா வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தென்னை ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த செவலை என் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து, என்னை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. அப்பா அதன் வாலைத்தான் பார்த்தார், திரும்பவில்லை.

"யாரு, சின்னவளா? வா தாயி."

நான்தான்ப்பா, பெரியவ என்றேன் அவர் முதுகைப் பார்த்து. அவர் அடுத்த ஓலையை எடுத்தார். நான் அவரைச் சுற்றிப் போய், எதிரே நின்று, கையை உயர்த்தினேன். அவர் நிமிர்வதற்குள் வாசலில் நின்ற என் வெள்ளை ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்தது.